ரிப்போர்ட் அக்கா அழித்த வரி

அந்த ஸ்கேன் சென்டரில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், வாசல் காவலாளியிலிருந்து மாடியில் இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்க்கும் பெரிய டாக்டர் வரை ஒருவருக்கும் தெரியாது. ரிப்போர்ட் அக்கா என்று கேட்டால் நாலு பேர் முன்னால் வந்து வழி காட்டுவார்கள். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்து ஒலிப்பதிவில் சொல்வதை ஹெட்ஃபோனில் கேட்டு, எழுத்துப் பிசகாமல் டைப் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துக்கு மாடிக்கு அனுப்புவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. நாற்காலி மூன்று முறை மாறிவிட்டது, அவள் மாறவில்லை.

வரவேற்பு மேஜைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில், முன்பு பழைய ஃபிலிம் உறைகள் அடுக்கியிருந்த இடுக்குதான் அவளுடைய அறை. மேஜை, கம்ப்யூட்டர், இருமிக்கொண்டே ஓடும் ஒரு பிரிண்டர், காத்திருப்போர் கூடத்தைப் பார்த்த ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். ரிப்போர்ட்டை வாங்கின நிமிஷமே பிரித்துப் படித்துவிடுகிற ஜாதி ஒன்று உண்டு. புரியாத வார்த்தை ஒன்று கண்ணில் பட்டதும் முகம் வெளுத்து, டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று தவித்து, கடைசியில் அந்த ஜன்னலைத் தட்டுவார்கள். "அக்கா, இதுல என்னமோ பெருசாப் போட்டிருக்கே, என்னன்னு மட்டும் சொல்லுங்களேன்."

சொல்லக்கூடாது என்பது சென்டரின் சட்டம். சொல்லாமல் இருக்க அவளுக்கு மனசு வராது. பள்ளிப் படிப்பும் டைப்ரைட்டிங் பரீட்சையும்தான் அவள் படித்தது. ஆனாலும் ஒரு கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் ஆங்கில வார்த்தையும் வலது பக்கம் தனக்குப் புரிந்த அர்த்தமுமாக எழுதி வைத்திருந்தாள். பெரிய டாக்டர் தேநீர் குடிக்கக் கீழே வரும்போது ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. டிஸ்க்: முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. பல்ஜ்: மெத்தை ஓரத்தில் கொஞ்சம் உப்பியிருக்கு, பாதிப் பேருக்கு இருக்கும், அவர்களுக்கே தெரியாது. ஸ்பான்டிலோசிஸ்: எலும்புத் தேய்மானம், தலை நரைக்கிற மாதிரி உள்ளேயும் நரைக்கும். ஆஸ்டியோஃபைட்: தேய்ந்த எலும்பின் ஓரத்தில் முளைக்கும் முள். லிகமென்ட்: எலும்பை எலும்போடு கட்டும் நார், அது பிசகினால் சுளுக்கு. டெண்டன்: தசையை எலும்போடு கட்டும் நார். இரண்டையும் ஜவ்வு என்று சொல்லி ஊரே குழப்பிக்கொள்கிறது. ஃப்ரோசன் ஷோல்டர்: தோள்மூட்டின் உறை இறுகிப் போய்விட்டது, பொறுமையாக இருந்து பயிற்சி செய்தால் இளகும்.

"இது ஒண்ணும் இல்லைங்க, தேய்மானம். உங்க வயசுக்கு இல்லைன்னாதான் ஆச்சரியம்" என்று அவள் சொல்லும்போது எதிரே இருப்பவருக்குப் போன உயிர் திரும்பி வரும். எத்தனை பேருக்கு அப்படி வந்தது என்று அவள் எண்ணவில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். நோட்டில் மைலோபதி என்ற ஒரே வார்த்தைக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது. அந்த வார்த்தை வந்த யாரும் ஜன்னலைத் தட்டியதில்லை. அவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள், அல்லது இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு நடத்திப் போவார்கள். கேட்க ஆள் இல்லாததால் அவளும் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள் என்றும் சொல்லலாம்.

அவளுக்கு வந்த தொந்தரவு முதலில் பட்டனில் ஆரம்பித்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அவருடைய வேலைச் சட்டையைத் தைத்துவிட்டுப் பட்டனைப் போட்டுப் பார்த்தாள். விரலுக்குப் பட்டன் அகப்படவே இல்லை. அடுத்து தண்ணீர்க் குவளை நழுவியது. அதற்கும் அடுத்து, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, மாடியிலிருந்து ஒரு ரிப்போர்ட் ஆறு சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. விரல் ஒரு எழுத்தின் மேல் போனால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுந்தது. கழுத்து வலி எப்போதும் உண்டு, அதைப் பழைய சொந்தக்காரர் மாதிரி சகித்துக்கொண்டிருந்தாள். இப்போது படி இறங்கும்போது தரை பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. கால் எங்கே படுகிறது என்று குனிந்து பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

"ஏங்க, செருப்பு தேஞ்சு போச்சு போல" என்றாள் வீட்டில்.

"செருப்பு போன மாசம்தானே வாங்கினோம்?" என்றார் அவர்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒளிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் எல்லோரிடமும் ஒளிக்க முடியுமா? எம்.ஆர்.ஐ. மெஷினை ஓட்டுகிறவருக்கு சென்டரில் காந்தம் அண்ணன் என்று பெயர். வருகிறவர்களிடமெல்லாம் "சாவி, வாட்ச், ஹேர்பின், எதையும் உள்ள கொண்டுவராதீங்க, காந்தம் இழுத்துடும்" என்று இருபது வருஷமாகக் கத்தி வாங்கின பட்டம். அவர் ஒருநாள் அவள் கையிலிருந்து ஃபிலிம் உறைகள் சரசரவென்று கொட்டுவதைப் பார்த்துவிட்டார். பொறுக்கிக் கொடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை, அவள் கால் வைக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்து படுங்க. மறுபேச்சு பேசாதீங்க."

"எதுக்கு அண்ணே, சும்மா கழுத்து வலிக்கு..."

"நானும் ஆயிரம் பேர் நடக்கறதைப் பார்த்தவன்தான்" என்றார் அவர். உறைகளைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொல்லாமல் விட்டதற்காகவே அவள் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் மெஷினுக்குள் படுத்தாள். மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெள்ளைக் கூரை. காதில் பஞ்சு வைத்திருந்தும் டமடம என்று சுத்தியல் அடிக்கிற சத்தம். இதைப்பற்றி எத்தனை பேருக்கு தைரியம் சொல்லியிருக்கிறாள்! "கண்ணை மூடிக்கிட்டு மனசுக்குள்ள ஏதாவது எண்ணிக்கிட்டே இருங்க, முடிஞ்சிடும்." அவளும் எண்ணினாள். நாற்பதுக்கு மேல் எண் வரவில்லை.

அன்று மதியம் ஒலிப்பதிவுகள் கீழே வந்தன. ஒன்று முழங்கால், இரண்டு தோள், மூன்று இடுப்பு. ஏழாவதைத் திறந்ததும் பெரிய டாக்டரின் குரல் அவளுடைய சொந்தப் பெயரை வாசித்தது. யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் பெயரை வாசிப்பது போல வாசித்தது. "பெண். வயது நாற்பத்தாறு." அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் அவளை "அம்மா" என்று கூப்பிடுவார். படத்தில் இருப்பது கழுத்து, முகம் இல்லை.

அவருடைய குரலின் போக்கு அவளுக்கு அத்துப்படி. எல்லாம் சரியாக இருந்தால் கடகடவென்று ஓடுவார். விஷயம் மோசம் என்றால் நிறுத்துவார், பக்கத்தில் இருக்கும் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடிப்பார். அந்த மடக் மடக் சத்தம் ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கும். ஏழாம் எண்ணில் பாதி தூரம் ஓடியவர் நின்றார். அவள் கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். மடக் மடக்.

பிறகு சொன்னார். கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பின்பக்கமாகப் பிதுங்கி, தண்டுவடத்தை அழுத்துகிறது. அழுத்தம் விழுந்த இடத்தில் தண்டுவடத்தின் நிறமே மாறியிருக்கிறது. முடிவு: முதல் வரி, டிஸ்க் பிதுக்கமும் தேய்மானமும். இரண்டாவது வரி, கம்ப்ரெசிவ் மைலோபதி, தாமதிக்காமல் முதுகெலும்பு அறுவை நிபுணரைப் பார்க்கவும்.

நோட்டில் காலியாக இருந்த இடத்துக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் போகிற தடித்த நரம்புக் கற்றைதான் தண்டுவடம். அது நசுங்கினால் முதலில் பட்டன் போகும், அப்புறம் குவளை, அப்புறம் நடை. அதற்கு அப்புறம் என்ன போகும் என்று அவள் யோசிக்க மறுத்தாள்.

அவளுக்கு நோயைவிடப் பெரிய பயம் ஆபரேஷன். காரணம் இல்லாத பயம் இல்லை அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆபரேஷன் ஆனவர்களின் ரிப்போர்ட்டை நூற்றுக்கணக்கில் டைப் அடித்திருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருக்குக் கழுத்தில் வைத்த திருகு தளர்ந்து போனது. ஒரு பெயின்டருக்கு இடுப்பில் தழும்புச் சதை வளர்ந்து பழையபடி நரம்பைக் கவ்வியது. பேக்கரிக்காரரின் மனைவிக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ். ஒருத்தர்கூட நன்றாக ஆகி வந்ததாக அவள் விரல் டைப் அடித்ததில்லை. கழுத்தில் கத்தி வைத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்பது அவளுக்கு ஊகம் இல்லை, கண்ணால் கண்ட சாட்சி.

ஆகவே டைப்பிஸ்டுக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியத்தைச் செய்தாள். டாக்டர் சொன்னது முழுவதையும் ஒரு எழுத்துத் தப்பில்லாமல் அடித்தாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அடித்து முடித்துவிட்டு, முடிவின் இரண்டாவது வரியை அழித்தாள். மேலே தண்டுவடத்தைப் பற்றி வந்த இடத்தில் "இயல்பாக உள்ளது" என்று போட்டாள். நல்ல ரிப்போர்ட்டுகளில் தினம் இருபது தடவை போடுகிற வார்த்தை அது. அழித்தபோது மனசு லேசாகக்கூட ஆனது! அந்த இடத்தில் வரி இல்லை என்றால் அந்த இடத்தில் அழுத்தமும் இல்லை என்பது போல. நாற்பத்தாறு வயதுப் பெண்மணிக்கு இருக்கிற அறிவா இது என்று கேட்டால், இல்லைதான். பயத்துக்கு வயதும் இல்லை, அறிவும் இல்லை.

பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. அவள் அடித்ததை அவர் படித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சிவப்பு வட்டங்கள்கூட காந்தம் அண்ணன் பார்த்துச் சொல்லித்தான் வந்தவை. தான் சொன்னது தாளில் இருக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று சாயங்காலம் அந்த ரிப்போர்ட்டோடு அவள் போன எலும்பு டாக்டரின் கிளினிக்கில் கூட்டம் வராந்தாவரை நின்றது. அவர் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தார். படத்தை எடுத்து வெளிச்சத்தில் வைக்கக் கை போனது. அதற்குள் கையில் கட்டுப் போட்ட குழந்தை ஒன்று பக்கத்து அறையில் வீறிட்டு அழுததால் எழுந்து போனார். திரும்பி வந்தபோது படம் உறையிலேயே இருந்தது.

"கை மரத்துப் போகுதா?"

"எப்பவாவது, டாக்டர்."

"நடக்கறதுல ஏதாவது?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கழுத்துக்கு டிராக்‌ஷன் பத்து நாள், பிறகு பயிற்சி என்று எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிராக்‌ஷனும் அவள் நோட்டில் உண்டு. தலையைப் பட்டையில் கட்டி, எடை தொங்கவிட்டு மெதுவாக இழுத்து, எலும்புகளுக்கு நடுவே இடம் உண்டாக்குவது. சாதாரணக் கழுத்து வலிக்குக் கொடுப்பது. ஆனால் தண்டுவடம் நசுங்கியிருக்கும் ரிப்போர்ட்டுகளின் அடியில் பெரிய டாக்டர் நாலைந்து தடவை ஒரு குறிப்புச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: கழுத்தை இழுக்கும் சிகிச்சை வேண்டாம். அந்தக் குறிப்பை அடித்தவள் அவள்தான்.

இரண்டு நாள் அவள் நெஞ்சுக்குள் நடந்த வாதத்தை எழுதினால் ஒரு கோர்ட் கட்டு அளவுக்கு வரும். கொஞ்சம் எடைதானே தொங்கவிடுவார்கள், இழுத்தால் டிஸ்க் உள்ளேயே போய்விட்டாலும் போய்விடும் என்று ஒரு குரல். ஆபரேஷன் வேண்டாம் என்று ஓடி வந்து எதன் வாயில் தலையைக் கொடுக்கிறாய் என்று இன்னொரு குரல். கணவரிடம் சொன்னால் நேரே பெரிய டாக்டரிடம் போய் நிற்பார். பெரிய டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது? பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் நாள் காலை, வேறு வழி தெரியாமல், அந்தக் கிளினிக்கை ஒட்டியிருந்த பிஸியோதெரபி அறைக்குப் போய்விட்டாள்.

நீளமான கூடம் அது. சுவரோரம் மரச் சட்டங்கள், பெரிய ரப்பர் பந்துகள், கப்பியில் தொங்கும் கயிறுகள். கடைசிக் கட்டிலுக்கு மேல் ஒரு இரும்புச் சட்டம், அதில் தாடைக்கும் பிடரிக்குமான தோல் பட்டை, கீழே அடுக்கிவைத்த எடைத் தட்டுகள். சிகிச்சை தருகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, யாருக்கு எங்கே வலி என்பதைத் தவிர வேறு எதையும் பேசாத ரகம்.

"பட்டன் போட கஷ்டமா இருக்கா அக்கா?"

"இல்லம்மா." அன்று காலை அவளுடைய ரவிக்கைப் பட்டன்களைக் கணவர்தான் போட்டுவிட்டிருந்தார்.

"நடக்கும்போது தள்ளாடுதா?"

"இல்ல."

"கையில இருந்து பொருள் நழுவுதா?"

"இல்ல." மூன்றாவது பொய்க்குக் குரல் அடங்கிவிட்டது. அந்தப் பெண் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தாள். தாளில் தண்டுவடம் இயல்பாக இருந்தது, கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து இருந்தது. அதைவிட வேறு என்ன வேண்டும்?

கட்டிலில் படுக்க வைத்தாள். பட்டையைத் தாடைக்குக் கீழே மாட்டினாள். பிடரிப் பட்டையைச் சரிசெய்வதற்காகத் தலையைக் கையில் ஏந்தி லேசாக முன்னால் வளைத்தாள். அவ்வளவுதான். பிடரியில் கிளம்பிய ஒரு மின்சாரம் முதுகுத் தண்டு வழியாகப் பாய்ந்து இரண்டு குதிகாலிலும் போய் அடித்தது. இரண்டு காலும் கட்டிலில் ஒருமுறை துள்ளின, அவளைக் கேட்காமலே. அடுத்து ஒரு வினாடி கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. தலைமாட்டில் இரும்புத் தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்! தொங்கவிடாதீங்க! நிறுத்துங்க!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தட்டை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் முன்னால் வந்தாள்.

"இன்னும் எடையே மாட்டலையே. என்ன ஆச்சு?"

"அந்த ரிப்போர்ட் பொய். தண்டுவடம் நசுங்கியிருக்கு. நிறம் மாறியிருக்கு. ஆபரேஷனுக்குப் போகணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான்தான் அழிச்சேன்."

"எதை அழிச்சீங்க? யாரு நீங்க?"

"அந்த சென்டர்ல ரிப்போர்ட் அடிக்கறவ. என் ரிப்போர்ட்டை நானே அடிச்சேன். ஒரு வரியை எடுத்துட்டேன்."

அந்தப் பெண் எடைத் தட்டைத் தரையில் வைத்தாள். பட்டையைக் கழற்றி, தலையை இரண்டு கையாலும் தாங்கி, பச்சைக் குழந்தையின் தலையைப் போல மெல்லத் தலையணையில் இறக்கினாள். கழுத்தைச் சுற்றி ஒரு காலரைக் கட்டினாள். காலரின் பட்டை ஒட்டியதும் பேசினாள்.

"நான் மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? என் கையால ஆகியிருக்கும். ஆயுசுக்கும் நான் தூங்கியிருக்க மாட்டேன்." கண் கலங்கியிருந்தது, கோபத்தில். "எதுக்கு அழிச்சீங்க?"

"பயம். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க யாருமே நல்லா ஆனதில்லம்மா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். பத்தொன்பது வருஷமா நானே அடிச்சிருக்கேன். திருகு கழண்டது, சீழ் வச்சது, நரம்பு மறுபடி மாட்டிக்கிட்டது... ஒண்ணுகூட நல்ல ரிப்போர்ட் வந்ததில்ல."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். கோபம் போய் முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"அக்கா, நல்லா ஆனவங்க எதுக்கு மறுபடி ஸ்கேனுக்கு வரணும்?"

சொல்லிவிட்டு அந்தப் பெண் காலரின் பட்டையை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினாள்.

"நல்லா ஆனவங்க இங்க வருவாங்க. கொஞ்ச நாள் பயிற்சி செஞ்சுட்டு, இங்கயும் வர்றதை நிறுத்திடுவாங்க. அதோ சுவர்கிட்ட நிக்கறவரைப் பாருங்க. போன வருஷம் உங்க மாதிரியே கழுத்துல ஆபரேஷன். இப்ப பேரப்பிள்ளையோட பந்து விளையாடி கணுக்கால் சுளுக்கிக்கிட்டு வந்திருக்கார்." சுவரோரம் நின்றவர் விஷயம் தெரியாமல் கையை ஆட்டினார். "எல்லாருக்கும் எல்லாம் பழையபடி வந்துடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். போன விரல் திரும்பாமலும் இருக்கும். ஆனா இருக்கறதைக் காப்பாத்தலாம். இப்படியே வச்சுக்கிட்டிருந்தா அதுவும் இல்ல. இன்னிக்கே அந்த ரிப்போர்ட்டைத் திருத்தி வாங்குங்க. நான் உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறேன், நம்பர் சொல்லுங்க."

அவள் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலுக்கு எதிரே உடைந்து திரும்பி வந்தவர்களை மட்டுமே பார்த்துவிட்டு, அதுதான் உலகம் என்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். நோட்டுப் போட்டு ஊருக்கே அர்த்தம் சொன்னவள்! வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்ததால் பயம் போய்விடவில்லை. இரண்டும் ஒன்றாக உட்கார்ந்தன.

கணவர் எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையோடு ஓடி வந்தார். வாடகைக் காரில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"லிஃப்ட் கம்பியில பிரி விட்டிருக்குன்னு தெரிஞ்சும் நான் எழுதாம வந்தா, என்னை என்ன சொல்லுவே?"

"கொலைகாரன்னு சொல்லுவேன்."

"அதைத்தான் செஞ்சிருக்கே, உனக்கே" என்றார். அவருடைய கட்டை விரல் காரின் கதவுப் பிடியில் தட்டிக்கொண்டே இருந்தது. ஆறு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற ஆள், பயப்பட்டு அவள் பார்த்ததில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் பிடித்திருக்கிற அழுத்தம் பாதிதான் அவளுக்குத் தெரிந்தது.

மாடி இருட்டறையில் பெரிய டாக்டர் திரைக்கு எதிரே இருந்தார். காலரும் கழுத்துமாக அவள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பினார்.

"என்னம்மா இது கோலம்?"

"ஏழாம் நம்பர் கழுத்து, டாக்டர். மூணு நாள் முன்னாடி. மறுபடி திறந்து பார்க்கணும்."

அவர் திறந்தார். சாம்பல் நிறத்தில் கழுத்து ஒன்று திரையில் விரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள், நடுவே ஒரு இடத்தில் தண்டுவடம் இடுங்கி, அங்கே வெளிறிய ஒரு புள்ளி. அவள் அதை முதல் முறையாகப் பார்த்தாள். அரிசி அளவுகூட இல்லை.

"இதுல நான் சொன்னேனே. இவங்க உடனே போயிருக்கணுமே. போகலையா?"

"அந்தப் பேரு என்னோடது, டாக்டர்." அவள் ரிப்போர்ட்டை நீட்டினாள். "நீங்க சொன்னதை நான் போடல. நீங்க பார்க்காம கையெழுத்துப் போட்டீங்க."

அவர் தாளைப் படித்தார். திரையில் இருக்கும் பெயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெயரைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. எழுந்து வந்து, "கையை நீட்டுங்க. மூடி மூடித் திறங்க, எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு" என்றார். அவள் செய்தாள். பத்து வினாடியில் இருபது தடவை வர வேண்டியது ஒன்பதுதான் வந்தது. இடது கையின் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேரவே இல்லை. இருட்டில் படம் மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர் அந்தச் சுண்டுவிரலைத் தன் இரண்டு விரலால் பிடித்து மெல்ல மற்ற விரல்களோடு சேர்த்துவைத்தார். விட்டதும் அது விலகிப் போனது.

"உட்காருங்க. திருத்தின ரிப்போர்ட் இப்பவே போகணும். அடிங்க."

அவர் சொன்னார். அந்த அறைக் கம்ப்யூட்டரில் அவள் அடித்தாள். தண்டுவடம் என்ற வார்த்தையில் விரல் நின்றது. அடித்தாள், தப்பாக விழுந்தது. அழித்தாள், மறுபடி அடித்தாள், மறுபடி தப்பு. அவர் அவளுடைய நாற்காலியை மெல்லப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, குனிந்து நின்று, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அந்த இரண்டு வரிகளை அவரே அடித்தார். பத்து நிமிஷம் ஆனது. முதுகெலும்பு டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார். நாளைக் காலை சேர்க்கச் சொன்னார்கள், மறுநாள் ஆபரேஷன்.

அறை மூலையில் இருந்த பிரிண்டர் தாளைத் துப்பியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு படித்தார். இடையில் நிமிராமலே கேட்டார்.

"வேற யாருக்காவது இப்படிச் செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல, டாக்டர். சத்தியமா இல்ல."

அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்ப வைக்க அவளிடம் எதுவும் இல்லை, அதுதான் நெஞ்சை அறுத்தது. கடைசி வரி வரை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"இனிமே ஒவ்வொண்ணையும் படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்றார். தாளை உறையில் போட்டு அவள் கணவரிடம் கொடுத்துவிட்டு, திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நீங்க வேலைக்குத் திரும்பின அப்புறமும் படிப்பேன்."

திரும்பின அப்புறமும் என்று அவர் சொன்னதில் அவளுக்கு அழுகை வந்தது. திட்டு வாங்கினதற்கு அழுகிறாள் என்று நினைத்துக் கணவர் தோளைத் தொட்டார்.

"பயமா இருக்கு, டாக்டர்" என்றாள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு.

"இருக்கும்மா" என்றார் அவர். "எனக்கும் இருக்கு. படியைப் பார்த்து இறங்குங்க."